மடக்குக் கத்தி ஏமாற்றாமலிருக்க: கடலூர், புதுச்சேரிப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மடக்குக் கத்தியை ஆசையோடு வாங்கிச் சில மாதங்களில் மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், கூர் நிற்கவில்லை, துருப்பிடித்துவிட்டது, அலகு ஆடுகிறது, திறக்க வரவில்லை என்ற நான்கில் ஒன்றைத்தான் பெரும்பாலும் சொல்வார்கள். கடைசி இரண்டும் அலகும் பிடியும் சேருகிற மூட்டின் குறைகள். துருவும்கூட, கடலூர், புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களில், துணி எட்டாத அந்த மூட்டுக்குள்தான் பெரும்பாலும் முதலில் பிடிக்கிறது. கடையில் நிற்கும்போதோ நம் கண் அலகின் பளபளப்பிலும் அதன் மேல் பொறித்த பெயரிலும் போய் நிற்கிறது. மூட்டை யாரும் பார்ப்பதில்லை. முதல்முறை மடக்குக் கத்தி வாங்குகிறவர் மூட்டிலிருந்து தொடங்கிப் பார்க்கப் பழகிக்கொண்டால், ஏமாற்றத்தில் பாதிக்கு மேல் கடையிலேயே தவிர்த்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

முதலில் வேலையைத் தீர்மானியுங்கள்

கத்தியைத் தேடுவதற்கு முன், அது அன்றாடம் எதை வெட்டப் போகிறது என்பதை எழுதிப் பாருங்கள். பார்சல் பிரிப்பது, சணல் கயிறு அறுப்பது, அலுவலகத்தில் கொய்யாவும் மாங்காயும் நறுக்குவது, தோட்டத்தில் பதியன் போடக் கிளை சீவுவது ஆகியவை மடக்குக் கத்திக்கு உரிய வேலைகள். இளநீர் சீவுவது, தேங்காய் உடைப்பது, மீன் முள் வெட்டுவது, பெயிண்ட் டப்பா மூடியை நெம்புவது ஆகியவை அதற்கு உரியவை அல்ல. இளநீருக்கு அரிவாளும் மீனுக்கு அரிவாள்மனையும் இருக்கும் வீட்டில் மடக்குக் கத்தியை அந்த வேலைக்கு எடுத்தால், நுனி ஒடிவதும் மூட்டு தளர்வதும் கத்தியின் குற்றமாகாது. நெம்புவதற்கென்று ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கத்தி நுனிகள் பெரும்பாலும் ஒடிவது டப்பா மூடிகளில்தான்.

அலகின் நீளம் 7 முதல் 9 சென்டிமீட்டர் வரை இருந்தால் மேற்சொன்ன வேலைகளுக்குப் போதும். நீளத்தை விடக் கனம் முக்கியம். அலகின் முதுகு 3 அல்லது 4 மில்லிமீட்டர் கனத்தோடு, முரட்டுத் தோற்றத்தில் விற்கும் கத்திகள் கையில் பிடிக்கும்போது நம்பிக்கை தரும். ஆனால் ஒரு கேரட்டில் வைத்து அழுத்தினால் அது நறுக்கப்படாமல் பிளந்து போகும். அலகு ஆப்பு மாதிரி உள்ளே நுழைவதுதான் காரணம். பழமும் காகிதமும் வெட்ட வேண்டியவர் 2 மில்லிமீட்டரை ஒட்டிய மெல்லிய அலகையே தேட வேண்டும். சாணை பிடித்த பிறகும் "வெட்டவே மாட்டேன் என்கிறது" என்று புலம்பப்படும் கத்திகளில் பலவற்றுக்குக் கூரில் குறையே இருக்காது. கூருக்குப் பின்னால் உள்ள கனம்தான் தடுக்கிறது. அதைக் கல்லில் தேய்த்துச் சரிசெய்வது புதியவரால் ஆகிற காரியம் அல்ல என்பதால், வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

பூட்டு வகையைப் புரிந்துகொள்ளுங்கள்

திறந்த அலகைத் திறந்தபடியே நிறுத்துவது எது என்பதை வைத்து மடக்குக் கத்திகளைப் பிரிக்கலாம். பூட்டே இல்லாமல், முதுகுப் பக்கத்து வில்லின் அழுத்தத்தில் மட்டும் நிற்பது ஒரு வகை. சுவிட்சர்லாந்தில் 1884-இல் கார்ல் எல்செனர் தொடங்கிய பட்டறையிலிருந்து வளர்ந்த விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் சிறிய சிவப்புக் கத்திகள் இந்த வகையின் நன்கறிந்த எடுத்துக்காட்டு. அவற்றை அலகின் முதுகில் அழுத்தினால் மடங்கிவிடும். அதுதான் அவற்றின் இயல்பு. குத்தித் துளைக்கும் வேலைக்கு அவற்றை எடுத்தால் விரலில் மடங்கும். அழுத்தி இழுத்து வெட்டும் வேலைக்கோ அவை பல ஆண்டுகள் தாங்கும்.

இரண்டாவது வகையில், பிடியின் உள்ளே உள்ள மெல்லிய தகடு, அலகு திறந்ததும் பக்கவாட்டிலிருந்து நகர்ந்து வந்து அதன் அடிக்குப் பின்னால் முட்டிக்கொள்ளும். இதை லைனர் லாக் என்பார்கள். குறைந்த விலைக் கத்திகளில் மிகுதியாக வருவதும், மிகுதியாக ஏமாற்றுவதும் இதுதான். மூன்றாவது, பிடியின் முதுகில் ஒரு நெம்புகோல் பள்ளத்தில் விழுந்து பூட்டும் பேக் லாக். இது உறுதியானது, ஆனால் அந்தப் பள்ளத்தில் மணலோ அழுக்கோ சேர்ந்தால் பூட்டு முழுதாக விழாது. நான்காவது, மூட்டைச் சுற்றிச் சுழலும் வளையம். பிரான்சின் சவாய் பகுதியைச் சேர்ந்த ஓபினெல் கத்திகளில் 1955 முதல் உள்ள இந்த வளையத்தை விட எளிய பூட்டு கிடையாது: திருப்பினால் பூட்டு, எதிர்ப்பக்கம் திருப்பினால் திறப்பு. பிரான்சில் உறவினர் உள்ள புதுச்சேரிக் குடும்பங்களில் இந்த மரப்பிடிக் கத்தியைப் பார்த்திருப்பீர்கள். அதற்கு நம் மழைக்காலத்தில் வரும் தொல்லையைப் பின்னால் சொல்கிறேன்.

பொத்தானை அழுத்தியதும் வில் விசையால் பாய்ந்து திறக்கும் கத்திகளைப் புதியவர் வாங்கவே வேண்டாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருட்களை ஆயுதம் என்ற வரையறைக்கு வெளியே வைக்கிறது. பொத்தான் கத்தியைக் காட்டி இது பழம் நறுக்க வைத்திருப்பது என்று யாரிடமும் சொல்லி நம்ப வைக்க முடியாது. எந்தக் கத்தியாக இருந்தாலும் விமானத்தில் கைப்பையில் கொண்டுபோக அனுமதி இல்லை. சரக்காக ஒப்படைக்கும் பெட்டிக்குள் வைக்க வேண்டும்.

உருக்கைத் தேர்ந்தெடுக்கும்போது கடலை நினையுங்கள்

உருக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் கடினத்தைத்தான் பேசுவார்கள். ராக்வெல் சி அளவில் 60 என்று அட்டையில் போட்டிருந்தால் 56-ஐ விட உயர்ந்தது என்று வாங்குகிறவர் நினைப்பது இயற்கை. கடினமான உருக்கில் கூர் அதிக நாள் நிற்கும் என்பதும் உண்மையே. ஆனால் தேவனாம்பட்டினத்திலிருந்தோ வைத்திக்குப்பத்திலிருந்தோ கூப்பிடு தூரத்தில் குடியிருப்பவருக்குக் கூர் மழுங்குவதற்கு முன்பே துரு வந்துவிடும்.

காரணம் எளியது. கடல்காற்றில் மிதந்து வரும் உப்புத் துகள் அலகின் மேல் படிகிறது. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியும். நம் கடற்கரையில் இரவு நேரத்து ஈரப்பதம் அந்த அளவைச் சாதாரணமாகத் தாண்டுகிறது. ஆகவே ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் அலமாரியில் கிடந்த கத்தியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலம் உண்டாகிவிடும்.

இப்போது விலை மலிவாகக் கிடைக்கும் டி2 (D2) என்ற உருக்கைப் பலர் பெருமையோடு பரிந்துரைக்கிறார்கள். அதில் குரோமியம் 12 விழுக்காடு அளவுக்கு இருப்பது உண்மை. ஆனால் கார்பனும் 1.5 விழுக்காடு இருப்பதால், குரோமியத்தில் கணிசமான பங்கு கார்பனோடு சேர்ந்து கார்பைடாகிவிடுகிறது. துருவைத் தடுக்க மிஞ்சும் குரோமியம் போதாது. கோயம்புத்தூரிலோ மதுரையிலோ இருப்பவருக்கு நன்றாக உழைக்கும் டி2 கத்தி, இங்கே சில வாரங்களிலேயே மிளகளவு கருந்துருப் புள்ளிகளைக் காட்டலாம். கடலோரத்துப் புதியவர் 12சி27, 14சி28என் போன்ற சுவீடன் உருக்குகளையோ, விக்டோரினாக்ஸ் பயன்படுத்தும், கடினம் 56-ஐ ஒட்டிய, மிருதுவான ஆனால் துருவை நன்கு எதிர்க்கும் உருக்கையோ தேர்வது நல்லது. 8சிஆர்13எம்ஓவி என்று பொறித்த சீன உருக்கு நடுத்தரம்; துடைத்து வைக்கும் பழக்கம் உள்ளவருக்குப் போதுமானது. வெறும் "ஸ்டெயின்லெஸ்" என்று மட்டும் பொறித்து, எந்த உருக்கு என்று சொல்லாத கத்தி துருப்பிடிக்காமல் இருக்கலாம். கூர் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஓபினெல் வாங்கினால், கார்பன் உருக்கு அலகு, துருப்பிடிக்கா உருக்கு அலகு என்ற இரண்டில் பின்னதைக் கேட்டு வாங்குங்கள்.

கடையில் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியவை

புதுச்சேரி காந்தி வீதியின் ஞாயிறு சந்தையானாலும் திருப்பாதிரிப்புலியூரின் ஹார்டுவேர் கடையானாலும், ஒரே மாதிரிக் கத்தி நான்கைந்து இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். மலிவு விலைக் கத்திகளில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள வேறுபாடு, இரண்டு பிராண்டுகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டைவிட அதிகமாக இருப்பதுண்டு.

மூடியபடி மேலிருந்து பாருங்கள்: அலகு இரண்டு பக்கத் தகடுகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து தகட்டை உரசினால், மூட்டின் வாஷர் ஒழுங்கில்லை அல்லது ஆணி கோணலாக இறங்கியிருக்கிறது என்று பொருள். பிறகு மெதுவாகத் திறந்து, அலகு வரும் வழியில் விரல் எதுவும் இல்லாதபடி பிடியைப் பிடித்துக்கொண்டு, அலகின் நடுப்பகுதியை இரு பக்கமும் அசைத்துப் பாருங்கள். இலேசான பக்கவாட்டு ஆட்டம் மூட்டுத் திருகை முடுக்கினால் போகும். மேலும் கீழுமாக ஆடினால் அது பூட்டு முட்டும் இடத்தின் குறை. எந்தத் திருகாலும் போகாது. அதை அப்படியே கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

லைனர் லாக் என்றால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். திறந்த கத்தியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, அலகின் அடிக்கும் பூட்டுத் தகட்டுக்கும் இடையே உள்ள தொடுமிடத்தைப் பாருங்கள். தகடு அலகின் அடிக்கனத்தில் கால் பங்கிலிருந்து பாதி வரை உள்ளே வந்து முட்டியிருப்பது சரியான நிலை. ஓரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் அழுத்தத்தில் நழுவி விரலில் மடங்கும். புதிய கத்தியிலேயே மறுபக்கம் வரை போய்விட்டிருந்தால், தேய்மானத்துக்கு இனி இடமில்லை. சில மாதங்களில் அலகு ஆடத் தொடங்கும். இரண்டுக்கும் நடுவே வெளிச்சக் கீற்றுத் தெரிந்தால் அந்தக் கத்தி வேண்டாம். பார்ப்பதற்கு அரை நிமிடம்தான் ஆகும். கடைக்காரர் பொறுமையிழந்தாலும் பார்த்துவிடுங்கள், ஏனெனில் இது உங்கள் விரலைப் பற்றிய விஷயம்.

கடைசியாக, மூட்டைப் பிணைத்திருப்பது திருகா, அறைந்த ஆணியா என்று கவனியுங்கள். திருகு இருந்தால் பிரித்துத் துடைக்கலாம், தளர்ந்தால் முடுக்கலாம். உப்புக் காற்றில் வாழும் நமக்கு அந்த வசதி பெரியது. ஆணி அறைந்த கத்தியைத் தண்ணீரும் எண்ணெயும் விட்டுத்தான் சுத்தம் செய்ய முடியும்.

வீட்டுக்கு வந்த முதல் நாள்

பெட்டியிலிருந்து எடுத்த கத்தி காகிதத்தை அழகாகக் கிழித்து, ஒரே வாரத்தில் மொட்டையாகிப் போவது மிகப் பொதுவான குறை. தொழிற்சாலையில் வேகமாகச் சாணை பிடிக்கும்போது கூரின் விளிம்பில் மெல்லிய பிசிர் நின்றுவிடும். அந்தப் பிசிர்தான் முதலில் காகிதத்தை வெட்டியது. இரண்டு அட்டைப் பெட்டிகளை அறுத்ததும் அது மடிந்துகொள்ள, உருக்கு மட்டம் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். விரல் நுனியால் அலகின் பக்கவாட்டிலிருந்து விளிம்பை நோக்கி, அதாவது கூருக்குக் குறுக்கே வெளிப்புறமாக மிக மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுக்கிப் போய், மறுபக்கம் நகத்தில் எதுவோ மாட்டுவது போலத் தெரிந்தால் பிசிர் இருக்கிறது. நைசான கல்லில் மிகக் குறைந்த அழுத்தத்தில், பக்கம் மாற்றி மாற்றி ஒவ்வொரு தேய்ப்பாகத் தேய்த்து, பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் பின்னோக்கி இழுத்தால் அது போய்விடும். அதன் பிறகு பிடிக்கும் கூர்தான் அந்தக் கத்தியின் உண்மையான கூர்.

மூட்டுத் திருகையும் அன்றே சரிபார்த்துவிடுங்கள். பெரும்பாலான கத்திகளில் இது டி6 அல்லது டி8 (T6, T8) அளவுள்ள, நட்சத்திர வடிவப் பள்ளம் கொண்ட திருகு. மொபைல் பழுதுபார்ப்பவர்களிடம் உள்ள சிறு ஸ்க்ரூடிரைவர் செட்டில் இந்த நுனிகள் இருக்கும். சரியான நுனி இல்லாமல் வேறு ஏதாவது வைத்துத் திருகினால் பள்ளம் வழித்துக்கொண்டு, பிறகு எதற்கும் ஆகாமல் போகும். கால் சுற்றுக்கும் குறைவாக முடுக்கி, அலகு ஆடாமலும் திறக்கும்போது இறுக்கமில்லாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்துங்கள்.

சாணை பிடிப்பது

தெருவில் வரும் சாணை பிடிப்பவரிடம் அரிவாள்மனையையும் கத்தரிக்கோலையும் கொடுங்கள். மெல்லிய மடக்குக் கத்தியைக் கொடுக்காதீர்கள். அவருடைய திறமையில் எனக்கு ஐயமில்லை. உலர்ந்த சக்கரத்தில் தீப்பொறி பறக்கும்போது, தாள் போன்ற கூர் விளிம்பின் சூடு, கத்தி உருக்கைப் பதப்படுத்திய சூட்டைத் தாண்டிவிடுகிறது. விளிம்பு மிருதுவாகி, எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காமல் போகிறது. சாதாரண உருக்கில் நீலம் பாய்ந்தால் கெட்டுவிட்டது என்று கண்டுகொள்ளலாம். துருப்பிடிக்கா உருக்கில் அந்த நிறம் இன்னும் அதிகச் சூட்டில்தான் தோன்றும் என்பதால், நிறம் மாறவில்லையே என்று ஆறுதல் கொள்ள முடியாது.

வீட்டிலேயே தீட்ட, ஒரு பக்கம் 1000, மறுபக்கம் 3000 அல்லது அதற்கு மேல் மணல் அளவு உள்ள தண்ணீர்க் கல் ஒன்று போதும். ஒரு பக்கத்துக்கு 15 முதல் 20 பாகைச் சாய்வில் அலகை வைத்து, விளிம்பு முழுவதும் பிசிர் எழும்வரை ஒரு பக்கத்தையே தேயுங்கள். பிசிர் எழாமல் பக்கம் மாற்றுவதுதான் புதியவர்களின் தீட்டல் பலிக்காததற்கு முதன்மைக் காரணம். கூரின் சரிவில் முதலில் ஸ்கெட்ச் பேனா மையைப் பூசிவிட்டு நான்கு முறை தேய்த்தால், மை எங்கே அழிந்திருக்கிறது என்பதிலிருந்து சாய்வு சரியா என்று தெரிந்துவிடும். விளிம்பருகே மட்டும் அழிந்திருந்தால் சாய்வு கூடுதல். மேலே மட்டும் அழிந்திருந்தால் குறைவு.

உப்பு, பலாப்பால், மழைக்காலம்

கடற்கரைக்குக் கொண்டுபோன கத்தியை அன்றிரவே கழுவ வேண்டும். போர் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருக்களில் அந்தத் தண்ணீரில் கழுவுவது உப்பை உப்பால் கழுவுவதுதான். குடிநீரில் ஒரு டம்ளர் எடுத்து மூட்டுக்குள் ஊற்றி, அலகைப் பலமுறை திறந்து மூடி, துணியால் துடைத்து, மின்விசிறிக் காற்றில் திறந்தபடி உலர விடுங்கள். பிறகு மூட்டில் ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய். பழம் நறுக்கும் கத்தி என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாராஃபின் பொருத்தமானது. நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் வேண்டாம். காற்றுப்பட்டு நாளடைவில் பிசுக்காகி, மூட்டைத் திறக்க வராமல் செய்வது அவைதான். வியர்வையும் உப்பு என்பதால், சட்டைப் பையிலேயே கிடக்கும் கத்திக்கு வாரம் ஒருமுறையாவது இந்தக் கவனிப்பு தேவை. தோல் உறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைப்பதும் தவறு. தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பண்ருட்டிப் பலா வரும் பருவத்தில் மடக்குக் கத்தியால் சுளை எடுத்தவர்களுக்கு வேறொரு தொல்லை. பலாப்பால் மூட்டுக்குள் இறங்கிக் காய்ந்தால் அலகு பாதியில் நின்றுவிடும். சோப்பும் வெந்நீரும் அதை அசைக்காது. பால் எண்ணெயில்தான் விடும். வெட்டுவதற்கு முன் அலகிலும் மூட்டிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே ஒட்டிவிட்டிருந்தால் தாராளமாகத் தேங்காய் எண்ணெய் விட்டுச் சற்று நேரம் ஊற வைத்து, பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்து, பின் சோப்புத் தண்ணீரில் எண்ணெயைப் போக்கி உலர்த்துங்கள். அந்தத் தேங்காய் எண்ணெயை மூட்டிலேயே விட்டுவிடக் கூடாது. அது தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

ஓபினெல் போன்ற மரப்பிடிக் கத்திகள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் திறக்க மறுப்பது இயல்பு. பீச் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பி, அலகை இரு பக்கமும் நெருக்குகிறது. நகத்தால் மல்லுக்கட்டினால் நகம் பெயரும், அலகு திடீரென்று விடுபட்டு விரலையும் கீறும். வளையத்தைத் திறந்த நிலையில் வைத்து, பிடியின் பின் முனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு சற்று வெளியே எழும். சவாய் நாட்டுக்காரர்களே கையாளும் முறை இது. நிரந்தரத் தீர்வாக, கோடையில் மரம் நன்றாகக் காய்ந்திருக்கும்போது, அலகு உட்காரும் பிளவின் உட்புறத்தை, மடித்த உப்புத்தாளால் இலேசாகத் தேய்த்து அகலப்படுத்தி, லிக்விட் பாராஃபின் தடவிவிட வேண்டும். பிடியைத் தண்ணீரில் ஊற வைத்துக் கழுவுவதை அடியோடு நிறுத்துங்கள்.

எப்போது கைவிடுவது

மேலோட்டமான துருப் புள்ளிகளைச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தே எடுத்துவிடலாம். கூர் விளிம்பில் குழி விழுந்திருந்தாலும் தீட்டித் தீட்டி அதைக் கடந்துவிட முடியும். நுனி ஒடிந்த கத்தியை முதுகுப் பக்கத்திலிருந்து கல்லில் தேய்த்து, சற்றுக் குட்டையான நுனியோடு மீண்டும் பயன்படுத்தலாம். பூட்டு நழுவும் கத்திக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. திருகை முடுக்கி, பூட்டு முட்டும் இடத்தைப் பஞ்சால் துடைத்து எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் செய்த பிறகும், முதுகில் கட்டைவிரலால் அழுத்தும்போது அலகு மடங்க முற்பட்டால், அந்தக் கத்தியை யாருக்கும் கொடுக்காதீர்கள், பழைய இரும்புக்குப் போடும் முன் அலகைத் தடித்த அட்டையில் சுற்றி டேப் ஒட்டிவிடுங்கள்.